சோதனைக்கு ஒரு சாவு

ஆசாஃபோ, குமாசி
9 மார்ச் 2001

அன்புள்ள தம்பி போவாடிக்கு,

அக்கா பிராகோ எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் கடவுள் புண்ணியத்தில் நலம். மாம்பொங்கில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது, வாய்தான் அடங்கவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கம்ப்யூட்டர் முன்னால் கடலையைக் கொறித்தே பொழுதை ஓட்டுகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன், கோபத்தோடுதான் வருகிறேன். உலகத்தை விட்டுப் போகிறவர்களிடம் நாம் சொல்கிற ‘டா யியே, நிம்மதியாகத் தூங்கு’ என்ற வார்த்தையை உன் போஸ்டர் நிரலுக்குப் பெயராக வைத்தாய். அன்றைக்கே வேண்டாம் என்றேன். இப்போது பார், பிணத்துக்கு முன்னால் உன் நிரல் தூங்கிவிடுகிறது.

நேற்று வியாழக்கிழமை. சனிக்கிழமைச் சாவுகளுக்கெல்லாம் வியாழனன்றுதான் போஸ்டர் அடிக்க வருவார்கள் என்று உனக்குத் தெரியும். ஒரு கோக்கோ வியாபாரியின் போஸ்டர் பாதி முடிந்திருந்தது. திடீரென்று பெயர்களெல்லாம் தடித்தடியாக அசிங்கமான எழுத்துக்கு மாறின. பிறகு பொத்தான்கள் கறுத்தன. பிறகு விண்டோஸின் மெனுவே வெறும் வெள்ளையாக நின்றது. கூடவே திறந்திருந்த மற்ற நிரல்களும் கோளாறு பிடித்து ஆடின. அணைத்துவிட்டுப் போட்டால் எல்லாம் சரி, ஆனால் சேமிக்காத வேலை போயே போச்சு. ஒட்டுக்காரர்கள் பசை வாளியோடு வாசலில் நின்று என்னைத் திட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து அச்சக உரிமையாளர் சங்கத் தலைவி மேடம் டூஃபி நம் அச்சகத்துக்குள் வர வேண்டுமா? திரையைப் பார்த்தாள். “என்னம்மா பிராகோ, ஆளும் செத்தாச்சு, மெஷினும் செத்தாச்சா? ரெண்டுக்கும் சேத்து ஒரே போஸ்டரா அடிச்சிடு” என்று சொல்லிவிட்டு மோதிரக் கையை ஆட்டிக்கொண்டு போனாள்.

ஜூன் கடைசியில் சங்கக் கூட்டம். குமாசி அச்சகங்கள் எல்லாம் ஒரே நிரலுக்கு மாறப் போகின்றன. உன் டா யியேவா, எல்லாரும் லண்டன் சிடி என்று சொல்கிற அந்த வெளிநாட்டுச் சரக்கா என்று அன்றைக்கு முடிவாகும். என் பேச்சைக் கேட்டுத்தான் நீ பேங்க் வேலையை விட்டாய். உன்னை நடுத்தெருவில் விட்டவள் என்று அம்மா என்னைச் சாகும்வரை சொல்லிக்காட்டுவாள். சீக்கிரம் சரிசெய்.

எனக்கு வயிறு அவ்வப்போது இழுக்கிறது. உக்கிரமான வெயில், வேறொன்றும் இல்லை.

கடிதத்தை அக்ரா பஸ் டிரைவர் டார்க்கோவிடம் கொடுத்திருக்கிறேன். அவருக்கு ஒரு நன்றி சொல், வாயைத் திறந்து சொல்.

உன் அக்கா,
பிராகோ


ஓசு, அக்ரா
14 மார்ச் 2001

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி போவாடியின் வணக்கம். நான் சுகம். கடலை மட்டும் இல்லை, சோளமாவுக் கென்கியும் மீனும் சாப்பிடுகிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல். வயிறு இழுத்தால் மருந்துக் கடையோடு நிற்காமல் டாக்டரிடம் போ.

அக்கா, பதறாதே. உன் கம்ப்யூட்டரில் நினைவகம் குறைவு. போட்டோவோ பெரிது, அதனால் மூச்சு முட்டுகிறது. டார்க்கோவிடம் ஒரு நினைவகப் பலகை கொடுத்தனுப்பியிருக்கிறேன். உன் கடை அம்பொன்சாவை விட்டுப் பொருத்தச் சொல். போஸ்டர் வடிவமைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை, ஆனால் பெட்டியைத் திறக்கும்போது அவர் ஜெபம் பண்ணுவதை மட்டும் சுருக்கமாக முடிக்கச் சொல்.

நிரலில் தப்பில்லை என்று அடித்துச் சொல்வேன். என்னிடம் ஒரு சோதனைப் பிணம் இருக்கிறது. பெயர் கோஃபி யாருமில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் போஸ்டரை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.

லண்டன் சிடியும் வேண்டாம், மேடம் டூஃபியும் வேண்டாம். ஜூனில் நாம்தான் ஜெயிக்கிறோம்.

அன்புத் தம்பி,
போவாடி


ஆசாஃபோ, குமாசி
2 ஏப்ரல் 2001

என் மகா மேதாவித் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆசை. உன் பலகை வந்தது, பொருந்தியது, அம்பொன்சா ஜெபமும் சுருக்கமாகத்தான் செய்தார். அதே வியாழக்கிழமை மத்தியானம் நிரல் மறுபடி படுத்துவிட்டது. இப்போது கொஞ்சம் தாமதமாகப் படுக்கிறது என்று நினைத்தோம். அதுவும் பிரமை.

ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. “பிராகோ கடையில போஸ்டர் அடிச்சா செத்தவரோட ஆவி மெஷினுக்குள்ள பூந்துக்குதாம்” என்று கெஜேட்டியா சந்தையில் துணி விற்கிறவள் என்னிடமே சொல்கிறாள். அம்பொன்சா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், அவரும் யோசனையாகத் தலையை ஆட்டுகிறார்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். எல்லாப் போஸ்டருக்கும் இது சாவதில்லை. போன வாரம் ஒரு ரிட்டயர்ட் கான்ஸ்டபிள் வந்தார், அதாவது அவர் போட்டோ வந்தது. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, துக்கக்காரர் என்று ஒரே ஓர் அண்ணன் மகன். காலை முழுக்க அதையே மாற்றி மாற்றிப் போட்டோம், நிரல் சிரித்த முகமாக ஓடியது. அடுத்து, நாலு பெண்டாட்டிக்காரர் ஒருவர். பேரப்பிள்ளைகள் வரிசையை எட்டுவதற்குள் அசிங்க எழுத்து, கறுப்புப் பொத்தான், எல்லாம் ஆரம்பித்துவிட்டது. பெரிய குடும்பத்தைக் கண்டால் உன் நிரலுக்குப் பயம் போலிருக்கிறது. மாமியார் வீட்டார் வருகிறார்கள் என்றதும் கொல்லைப்பக்கம் ஓடுகிற மாப்பிள்ளை மாதிரி.

லண்டன் சிடி வாங்கியவர்கள் என் கடை வழியாகப் போகும்போது வேண்டுமென்றே மெதுவாகப் போகிறார்கள்.

அக்கா,
பிராகோ


ஓசு, அக்ரா
9 ஏப்ரல் 2001

அன்பு அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. வயிறு பற்றி இந்தத் தடவை ஒன்றும் எழுதவில்லையே, தேவலையா?

நீ வேடிக்கை என்று எழுதியதுதான் விஷயம். நினைவகம் என்று நான் உளறியதை மறந்துவிடு.

திரையில் எதை வரைய வேண்டுமானாலும் நிரலுக்குப் பேனா வேண்டும், தூரிகை வேண்டும், எழுத்துரு வேண்டும். இவற்றையெல்லாம் விண்டோஸ் ஒரு சின்னப் பெட்டியில் வைத்திருக்கிறது. நினைவகம் எவ்வளவு போட்டாலும் அந்தப் பெட்டி பெரிதாகாது. எல்லா நிரலுக்கும் அதே பெட்டிதான். வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். உன் கடைக்கு எதிரில் ஃபூஃபூ விற்கிற அக்காவை நினைத்துக்கொள். ஒருவன் தின்றுவிட்டுத் தட்டைத் தராமல் மேசைக்கடியில் அடுக்கிக்கொண்டே போனால்? கொஞ்ச நேரத்தில் யாருக்கும் தட்டு இருக்காது. ஒரு பாவமும் அறியாமல் அடுத்த மேசையில் உட்கார்ந்தவனும் பட்டினி. அதனால்தான் மற்ற நிரல்களும் சேர்ந்து ஆடுகின்றன.

டா யியே எதையோ திருப்பித் தரவில்லை. எதை என்று தெரிய வேண்டும். விண்டோஸ் 98இல் இதற்கென்றே ஒரு மீட்டர் இருக்கிறது. எப்படித் திறப்பது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். திரை மூலையில் பச்சையாக ஒரு கோடு நிற்கும். பெட்டி காலியாகக் காலியாகக் கோடு இறங்கும், மஞ்சளாகும், சிவப்பாகும். என்ன செய்யும்போது இறங்குகிறது, திரும்ப ஏறுகிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

தம்பி,
போவாடி


ஆசாஃபோ, குமாசி
20 ஏப்ரல் 2001

தம்பிக்கு,

ஈஸ்டர் நல்லபடி போயிற்று. அம்மா வந்திருந்தாள், உன்னைக் கேட்டாள். எல்லாரும் சுகம்.

உன் பச்சைக் கோட்டை நானும் அம்பொன்சாவும் மாறி மாறிப் பார்த்தோம். வருகிறவர்கள் எல்லாரும் அது என்ன என்று கேட்கிறார்கள். “நம்ம மெஷினோட ரத்த அழுத்தம்” என்று அம்பொன்சா சொல்லிவைத்திருக்கிறார்.

போட்டோவை மாற்றினால் கோடு அசையவில்லை. சிவப்புக் கரையை வெள்ளைக் கரையாக மாற்றினாலும் அசையவில்லை. துக்கக்காரர் பட்டியலை மேலும் கீழும் உருட்டினால் இறங்குகிறது. ஒவ்வோர் உருட்டுக்கும் கொஞ்சம். இறங்கியது ஏறவே இல்லை. நிரலை மூடினால் மட்டும் துள்ளி மேலே போகிறது. குடும்பம் பெரிதென்றால் வேகமாக இறங்குகிறது.

இப்போது அக்கா ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தக் கோஃபி யாருமில்லைக்குத் துக்கக்காரர்கள் எத்தனை பேர்? உண்மையைச் சொல்.

பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். அதன் மதில் முழுக்க மேடம் டூஃபி அச்சடித்த போஸ்டர்கள். நாலாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால்கூடப் பெயர்களைப் படிக்க முடிகிறது. வயிறெரிந்தது.

பிராகோ


ஓசு, அக்ரா
28 ஏப்ரல் 2001

அன்பு அக்காவுக்கு,

நலம். ஆஸ்பத்திரியில் உனக்கு என்ன வேலை? அதுவும் நாலாவது மாடியில்?

கோஃபி யாருமில்லைக்கு மூன்றே பேர். ஒரு தம்பி, ஒரு நண்பன், ஒரு பாதிரியார். சிரிக்காதே. நம்மூரில் குடும்பத் தலைவர் பெயர் ஓர் உயரம், தலைமைத் துக்கக்காரர்கள் ஓர் உயரம், பிள்ளைகள், பேரன்கள், சம்பந்திகள் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் உயரம். யாருடைய எழுத்தாவது அரைக்கால் விரல் குறைந்தால் சாவு வீட்டில் நாற்காலி பறக்கும். அதற்காக ஒவ்வொரு பெயருக்கும் தனியாக ஓர் எழுத்துரு உருவாக்குகிறேன். அந்தப் பெயரை எழுதியதும் அதை அழிக்கிறேன். மூன்று பேர் என்றால் மூன்று எழுத்துரு, உருட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. அதனால்தான் கோஃபி சாகாமல் ஓடினான்.

ஆனால் நான் அழிக்கிறேன் அக்கா! நிரல் முழுவதையும் அச்சடித்துத் தரையில் விரித்து, ‘உருவாக்கு’ என்று வருகிற இடத்துக்கெல்லாம் நீலம், ‘அழி’ என்று வருகிற இடத்துக்கெல்லாம் சிவப்பு அடித்தேன். ஒவ்வொரு நீலத்துக்கும் ஒரு சிவப்பு இருக்கிறது. ஒன்றுகூட விடுபடவில்லை. அப்புறம் எது ஒழுகுகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

பெரிய குடும்பத்தைப் போட்டு இங்கேயே சோதிக்க வேண்டும், தெரியும். பொய்ப் பெயராக நிரப்பினால் அத்தனை விதமான உறவும் நீளமும் வரவில்லை. நம் குடும்பப் பட்டியலையே போடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பிணத்தின் படத்துக்குக் கீழே அம்மா பெயரை டைப் செய்ய விரல் ஓடவில்லை. படித்தவன், பேங்கில் இருந்தவன், எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கிறவர்கள் பெயரைச் சாவுத்தாளில் போட என்னால் முடியாது.

போவாடி


ஆசாஃபோ, குமாசி
7 மே 2001

என் பயந்தாங்கொள்ளித் தம்பிக்கு,

எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், மூன்று பேரோடு சாகிறவனுக்கு என்ன குறை?

பிணம் வேண்டும், அவ்வளவுதானே? என்னைப் போடு.

இதோடு என் போட்டோவை வைத்திருக்கிறேன். பாதிரியார் மகள் கல்யாணத்துக்குப் போனபோது எடுத்தது, லேஸ் சட்டையும் பெரிய தலைக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறேன். நம் குடும்பத்தின் மொத்தப் பட்டியலையும் தனியாக எழுதியிருக்கிறேன். குடும்பத் தலைவர் மாமாவிலிருந்து செஃப்வியில் அத்தானின் ஒன்றுவிட்ட தம்பிகள் வரை யாரையும் விடவில்லை. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, அதனால் தலைப்பு ‘என்ன அதிர்ச்சி!’ என்றுதான் வர வேண்டும், கரை சிவப்பு. கிழவிகளுக்குப் போடுகிற ‘மகிமையின் அழைப்பு’ போட்டாயோ, நேரில் வந்து உதைப்பேன்.

இதனால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆகிற மாதிரி இருந்தால் நானே உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேனா?

நான் மாம்பொங்குக்கு அம்மாவிடம் போகிறேன், சில வாரம் இருப்பேன். உன் அத்தானும் லீவு போட்டிருக்கிறார். கடையை அம்பொன்சா பார்த்துக்கொள்வார், எழுத வேண்டியதைக் கடைக்கே எழுது, எனக்கு வந்து சேரும். திரும்பி வரும்போது நிரல் தயாராக இருக்க வேண்டும். கூட்டம் யாருக்காகவும் காத்திருக்காது.

வேளைக்குச் சாப்பிடு. நல்லா இரு தம்பி.

அக்கா,
பிராகோ


ஓசு, அக்ரா
16 மே 2001

அக்கா! அக்கா! அக்கா!

அம்மா சுகமா, நீ சுகமா என்று கேட்டதாக வைத்துக்கொள்.

பிடித்துவிட்டேன்!

உன் போட்டோவைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பட்டியலை டைப் செய்தேன், அம்மா பெயர் வந்தபோது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு உருட்ட ஆரம்பித்தேன். செஃப்வித் தம்பிகளைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை மேலே வருவதற்குள் பச்சை மஞ்சளாயிற்று, மஞ்சள் சிவப்பாயிற்று, உன் தலைக்கட்டுக்குக் கீழே அசிங்க எழுத்து! சந்தோஷத்தில் மேசையைத் தட்டினேன். பக்கத்து அறைக்காரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ‘என்ன அதிர்ச்சி!’ என்ற தலைப்புக்கு முன்னால் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தால் என்ன நினைப்பான்?

கேள். ஓர் எழுத்துருவால் எழுத வேண்டுமென்றால் அதை வரைபரப்பின், அதாவது திரையில் வரைகிற இடத்தின், கையில் கொடுக்க வேண்டும். பழையதைக் கீழே வைத்துவிட்டு அது புதியதைப் பிடித்துக்கொள்ளும். நான் என்ன செய்திருக்கிறேன்? எழுதி முடித்ததும், அது பிடித்துக்கொண்டிருக்கும்போதே ‘அழி’ என்று சொல்லியிருக்கிறேன். ஒருவர் கையில் பிடித்திருப்பதை விண்டோஸ் அழிக்காது அக்கா. மாட்டேன் என்று மெல்லிய குரலில் ஒரு பதில் தரும். அந்தப் பதிலை நான் காதில் வாங்கவே இல்லை. சிவப்பு மை அடித்த ஒவ்வோர் இடத்திலும் அழிந்துவிட்டது என்று நானே நினைத்துக்கொண்டேன். ஓர் எழுத்துருவும் அழியவில்லை. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு தடவையும் உள்ளேயே தங்கிவிட்டது.

இரண்டே வரி மாற்றம். முதலில் பழையதை அதன் கையில் திருப்பிக் கொடு, அது புதியதை விடும். விட்ட பிறகு அழி. அவ்வளவுதான்! மாற்றிவிட்டு, விரல் வீங்கும்வரை உருட்டினேன். கோடு கொஞ்சம் இறங்குகிறது, ஏறுகிறது, பழைய இடத்திலேயே நிற்கிறது. பச்சை! முழுப் பச்சை!

புது நிரலைச் சிடியில் போட்டு டார்க்கோவிடம் தந்திருக்கிறேன். உன் போஸ்டரும் அதிலேயே இருக்கிறது, அம்பொன்சா அதை வைத்து அங்கேயும் ஒருமுறை சோதிக்கட்டும். பிறகு அந்தக் கோப்பை அழித்துவிடச் சொல். இங்கே இருப்பதை நானும் அழித்துவிடுகிறேன். அதைத் திறந்து பார்க்கவே பிடிக்கவில்லை.

உடனே பதில் போடு. நீ கத்துவதைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

உன் தம்பி,
போவாடி


அக்ரா பஸ் நிலையம்
1 ஜூன் 2001, வெள்ளி

அக்கா,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மா வீட்டுச் சாப்பாட்டில் என்னை மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

இன்றைக்கு டார்க்கோ பஸ்ஸிலிருந்து இறங்கினார். கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார். என் தோளைப் பிடித்து, “தைரியமா இரு தம்பி. ஆசாஃபோவுல இருந்து பன்டாமா வரைக்கும் சுவர் பூரா ஒட்டியிருக்காங்க. எவ்ளோ அழகான போஸ்டர்!” என்றார்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அது சோதனைப் போஸ்டர் அண்ணே, நானே செய்தது, அக்கா மாம்பொங்கில் இருக்கிறாள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. “மாம்பொங்கா? போன வாரம் பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல உங்க அத்தானப் பாத்தேன் தம்பி. ஆபரேஷன், வயித்துல கட்டின்னு சொன்னாரே. உனக்குத் தெரியாதா?” என்றார்.

அக்கா, எனக்குத் தெரியாது.

கடைக்கு ஃபோன் போட்டேன். எடுத்தது யாரென்று தெரியவில்லை, பின்னால் நிறையப் பேர் அழுகிற சத்தம் கேட்டது, பிறகு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போடுகிறேன். மணி போகவே இல்லை. டார்க்கோவின் பஸ் நிறைந்துவிட்டது, காலை பஸ்ஸில்தான் எனக்கு இடம். அதற்குள் இதையாவது அவர் கொண்டுவரட்டும்.

நான்தான் டைப் செய்தேன். உன் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று இந்தக் கையால்தான் டைப் செய்தேன். நிரலும் வேண்டாம், சங்கமும் வேண்டாம், லண்டன் சிடியையே எல்லாரும் வாங்கிக்கொள்ளட்டும். நீ இருந்தால் போதும். இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை எழுது.

போவாடி


ஆசாஃபோ, குமாசி
1 ஜூன் 2001, வெள்ளி

என் தங்கத் தம்பிக்கு,

இருக்கிறேன்.

மூன்று தடவை படித்துக்கொள், பிறகு மீதியைப் படி. உன் கடிதத்தை டார்க்கோ இப்போதுதான் தந்தார்; விடிகாலையில் அங்கே வந்து சேர்கிற பஸ்ஸின் டிரைவர் இதை நிலையத்தில் உன் கையில் தருவார். ஃபோனில் சொல்லலாம் என்றால், அழுது புரண்ட உன் சித்தி கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

வயிற்றில் கட்டிதான். எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லை என்று இன்று காலை டாக்டர் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கத்திக்குப் போகிற அக்காவின் படத்துக்குக் கீழே நீ பெயர் டைப் செய்திருப்பாயா? அம்மா பெயருக்கே தண்ணீர் குடித்தவன். கூட்டமோ ஜூனில். எனக்கு வேறு வழி இருந்ததா?

அப்படி நிம்மதியாக அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு வாடகைக் காரில் வந்து இறங்கினால், கடை வாசலில் சிவப்பும் கறுப்புமாகத் துக்க உடையில் கூட்டம்! நாற்காலி போட்டாயிற்று. குடும்பத் தலைவர் மாமா ஜின் பாட்டிலோடு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். நான் காரிலிருந்து இறங்கினேன். ஃபூஃபூ விற்கிற அக்கா சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். மாமா மட்டும் அசையவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்து, “வந்துட்டியா? ஒன் சாவுக்கு நீயே லேட்டு” என்றார்.

நடந்தது இதுதான். அம்பொன்சா உன் சிடியைப் போட்டுச் சோதித்திருக்கிறார். கோடு அசையவில்லை என்றதும் சந்தோஷம் தலைக்கேறி, அச்சு எப்படி வருகிறது பார்க்கலாம் என்று ஒரு கட்டு அடித்துச் சுருட்டி அலமாரியில் வைத்திருக்கிறார். வியாழக்கிழமை ஒட்டுக்காரர்கள் வந்து வழக்கம்போல அலமாரியைக் காலி செய்துவிட்டார்கள். காலையிலிருந்து அம்பொன்சா, “அம்மா உசிரோட இருக்காங்க” என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனால் நான் வந்தால் என்ன செய்வேனோ என்ற பயத்தில் அழுதுகொண்டே சொன்னதால் யாரும் நம்பவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்த அம்மாவுக்கு அதைச் சுவரிலிருந்து கிழித்துவந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தாள். “பெத்தவ எம்பேர ஏன்டி உங்க மாமனுக்குக் கீழ, இத்தனூண்டு எழுத்துல போட்டிருக்கான்?” என்றாள். அதற்குப் பதில் நீயே நேரில் வந்து சொல்.

கேட்டுக்கொள், இன்னொன்று. துக்கம் கேட்க வந்தவர்களில் மேடம் டூஃபியும் இருந்தாள். நிஜமாகவே அழுதிருந்தாள், மை கரைந்திருந்தது. நான் உயிரோடு நிற்பதைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே என் காதில், “அத்தன பேரையும் ஒரே தாள்ல, மரியாத கொறையாம நிறுத்தியிருக்கியே. எந்த நிரல்டி அது?” என்றாள்.

பஸ் டிக்கெட் வாங்கியிருந்தால் வா. வாங்காவிட்டாலும் வா. வரும்போது வழியில் நசாவாமில் ரொட்டி வாங்கு, டாக்டர் மிருதுவாகச் சாப்பிடச் சொன்னார்.

உயிருள்ள அக்கா,
பிராகோ


ஆசாஃபோ, குமாசி
2 ஜூலை 2001

அன்புத் தம்பி போவாடிக்கு,

நலம். தையல் ஆறிவிட்டது, நீ திரும்பிப்போனபோது இருந்ததைவிட நன்றாக நடக்கிறேன். உனக்குக் காய்ச்சல் விட்டதா? காய்ச்சலைச் சாக்கிட்டுக் கூட்டத்துக்கு வராமல் தப்பித்தாய், பயம்தான் என்று எனக்குத் தெரியும்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஜெயித்துவிட்டோம்.

ஒரு ராஜமாதாவின் போஸ்டர் வேலை வந்திருந்தது. அதையே இரண்டு நிரலிலும் எல்லார் முன்னாலும் செய்து காட்டச் சொன்னாள் மேடம் டூஃபி. லண்டன் சிடி வேகமாகத்தான் ஓடியது. படமும் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அது பெயர்களை அகரவரிசையில் அடுக்கித் தொலைத்தது! எங்கோ பள்ளிக்கூடம் போகிற கொள்ளுப்பேரன் உச்சியில், ஊர்த் தலைவர் அவன் காலடியில். மண்டபத்தில் ஒரு சத்தம் எழும்பியது பார். “இதக் கொண்டுபோய் ஒட்டினா நம்மளத்தான் அடுத்து போஸ்டர்ல போடுவாங்க” என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

பிறகு டா யியே. மேடம் டூஃபி மூலையிலிருந்த பச்சைக் கோட்டின் மேல் மோதிர விரலை வைத்துக்கொண்டு, “உருட்டுங்க அம்பொன்சா” என்றாள். அவர் உருட்டினார். ராஜமாதாவின் வம்சம் மேலே போயிற்று, கீழே வந்தது, போயிற்று, வந்தது. அம்பொன்சாவின் மணிக்கட்டு வலித்து வேறொருவர் வந்து உருட்டினார். கோடு அந்த விரலுக்குக் கீழே அப்படியே நின்றது. கடைசியில் அவள் விரலை எடுத்து, “இது சாகாது” என்றாள். எல்லா அச்சகமும் கையைத் தூக்கியது தம்பி, லண்டன் சிடி வாங்கியவர்கள் உட்பட. நான் அழுதேன். என் சாவுக்கு எல்லாரும் காரணமில்லாமல் அழுதார்கள், நான் காரணத்தோடுதான் அழுதேன்.

அந்தக் கோப்பை அழித்துவிடு என்று நீ எழுதினாயே, அம்பொன்சா அழிக்கவில்லை. நீயும் அழிக்கவில்லை என்று இங்கே வந்தபோது உளறிவிட்டாய். விடு. உன் மே மாதக் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் படித்தேன். மறுநாள் ஆபரேஷன். அந்த எழுத்துரு விவகாரமெல்லாம் எனக்கு ஏறவில்லை. ஒருவர் கையில் பிடித்திருப்பதை அழிக்க முடியாது என்று எழுதியிருந்தாய், அது மட்டும் ஏறியது. மயக்க ஊசி போடும்போது நம் பட்டியலை மாமாவிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனேன். செஃப்வித் தம்பிகள் வரை போய்விட்டேன் என்று நினைக்கிறேன். இத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கும்போது என்னை யார் அழிப்பது?

போஸ்டரைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் ‘எங்களுக்கும் இதே மாதிரி’ என்கிறார்கள். அம்மா பெயரை மட்டும் பெரிதாக்கி ஒரு பிரதி அனுப்பு, வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பிராகோ